14 × 50 − 1 × 40 = எவ்வளவு? துண்டுச் சீட்டில் கணக்கு எழுதும் முறை

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் சரக்கு இறக்கிய ஒருவர் கையில் இப்படி ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 14 × 50 − 1 × 40. சின்ன வெங்காயம் 14 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, சாக்குக்காக மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு, கிலோ 40 ரூபாய்.

பள்ளியில் படித்த விதிப்படி போட்டால் விடை 660. கடைக் கால்குலேட்டரில் வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் 27,960. எழுதியவர் மனதில் இருந்ததோ 14 × (50 − 1) × 40, அதாவது 27,440. 660 ரூபாய் என்றால் யாரும் நம்பப் போவதில்லை, அதனால் அது ஆபத்தில்லாத பிழை. 27,960 தான் வில்லங்கம். நியாயமான தொகை மாதிரியே தெரியும். ஆனால் 14 மூட்டைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிலோதான் கழிந்திருக்கிறது. 520 ரூபாய் கூடிவிட்டது.

கழித்தலிலோ பெருக்கலிலோ இங்கே யாரும் தவறவில்லை. எந்தக் குறியை முதலில் செய்வது என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு; அந்த ஏற்பாடு எல்லாக் கருவியிலும் ஒன்றாக இல்லை. ஆகவே, படிப்பவர் ஊகிக்க இடம் வைக்காமல் எழுதுவது எழுதுபவரின் வேலை. அதைச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

1. கருவியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கையில் இருக்கும் கால்குலேட்டரில் 2 + 3 × 4 = என்று அழுத்துங்கள். 14 வந்தால் அது பெருக்கலை முதலில் செய்யும் கருவி. 20 வந்தால், அழுத்தும் வரிசையிலேயே முடித்துக்கொண்டு போகும் கருவி. செல்போன் பெரும்பாலும் 14 காட்டும். கல்லாப் பக்கத்தில் கிடக்கும் மேசைக் கால்குலேட்டர் பெரும்பாலும் 20 காட்டும். விண்டோஸ் கணினியில் இரண்டும் உண்டு: சாதாரண முறையில் 20, அறிவியல் முறையில் 14.

போன்தான் எப்போதும் சரி என்று நினைத்துவிட வேண்டாம். பூட்டுக் கடையில் மூன்று பெட்டி, பெட்டிக்கு 12 பூட்டு, உதிரியாக 5, ஒன்று 180 ரூபாய் என்பதை 3 × 12 + 5 × 180 என்று எழுதினால் போன் 936 சொல்லும். கடைக் கால்குலேட்டர் சொல்லும் 7,380 தான் உண்மையான தொகை. வெங்காயச் சீட்டில் ஏமாற்றிய கருவி இங்கே காப்பாற்றுகிறது. குறை சீட்டில் இருக்கிறது.

2. விதியைச் சரியாக நினைவில் வையுங்கள்

போட்மாஸ் என்றோ பிட்மாஸ் என்றோ படித்திருப்பீர்கள். முதலில் அடைப்புக்குறி, அடுத்து அடுக்கு, பிறகு வகுத்தலும் பெருக்கலும், கடைசியில் கூட்டலும் கழித்தலும். வகுத்தல், பெருக்கல் இரண்டுக்கும் ஒரே தகுதி. இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அது முதலில். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அப்படியே. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 48 ÷ 6 × 2 என்றால் 16, 4 அல்ல. 20 − 8 + 5 என்றால் 17, 7 அல்ல. எழுத்து வரிசையை அப்படியே நம்பினால் வம்பு: நம் போட்மாஸில் வகுத்தல் முன்னால் நிற்கிறது, அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பெம்டாஸில் பெருக்கல் முன்னால் நிற்கிறது.

டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போட்மாஸ் முறையில் ‘ஓ’ என்பதை ‘ஆஃப்’ என்று கொள்ளும் வழிகாட்டி நூல்களில் 24 ÷ ½ ஆஃப் 8 என்பதற்கு முதலில் 8இல் பாதி, பிறகு வகுத்தல், விடை 6. அதே இடத்தில் பெருக்கல் குறி இருந்தால் 384.

3. பெருக்கல் குறியை விழுங்காதீர்கள்

6 ÷ 2(1 + 2) எவ்வளவு என்று 2011இல் இணையத்தில் பெரிய சண்டையே நடந்தது. 2019இல் 8 ÷ 2(2 + 2) என்று வேறு எண்களோடு மறுபடி கிளம்பியது. இடமிருந்து வலமாகப் போனால் முதல் கணக்கின் விடை 9. அடைப்பை ஒட்டி நிற்கும் 2, அடைப்போடு சேர்ந்த ஒரே உருப்படி என்று கொண்டால் 1. கல்லூரி மாணவர்கள் வைத்திருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் கருவி, தானே ஓர் அடைப்பைச் சேர்த்து 6 ÷ (2(1 + 2)) என்று மாற்றி 1 காட்டும். இரண்டு பக்கமும் ஆள் இருப்பதால் இதில் நடுவர் தீர்ப்புக்குக் காத்திருப்பது வீண்.

÷ குறியையே பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஐஎஸ்ஓ 80000-2 என்ற சர்வதேசத் தரம். சாய்கோடு போட்டு வகுத்தால், அதே வரியில் அடைப்பு இல்லாமல் இன்னொரு பெருக்கலோ வகுத்தலோ தொடரக் கூடாது என்றும் அது சொல்கிறது. நாமும் (6/2) × (1 + 2) என்றோ 6/(2 × (1 + 2)) என்றோ எழுதிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

4. சதவீதப் பொத்தானைச் சோதியுங்கள்

100 + 5 % என்று அழுத்திப் பாருங்கள். பல கருவிகளில் 105 வரும். சில மேசைக் கால்குலேட்டர்களில் 105.26 வரும். பழுது ஒன்றும் இல்லை. விற்கும் விலையில் 5 சதவீதம் லாபமாக நிற்க எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று அது 100ஐ 0.95ஆல் வகுத்துச் சொல்கிறது. வரி சேர்க்கும்போது அந்தப் பொத்தானை விட்டுவிட்டு 100 × 1.05 என்று போடுங்கள். எல்லாக் கருவியிலும் 105 தான்.

5. எக்செல்லில் கழித்தல் குறியைக் கவனியுங்கள்

ஆலைக் கணக்கிலும் அலுவலகக் கணக்கிலும் இருப்பவர்களுக்கு இது. எக்செல்லில் =-3^2 என்று அடித்தால் 9 வரும்; பாடப்புத்தகக் கணக்குப்படி அது −9. அடுக்கு வரும் இடத்தில் எல்லாம் =-(3^2) என்று அடைப்போடு அடியுங்கள்.

6. ஒரு வரிக்கு ஒரு வேலை

சீட்டுக்கு இதுவே முக்கியமான விதி. பெருக்கலையும் கழித்தலையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். எண்ணோடு அலகையும் எழுதுங்கள். மூட்டைக்கு 10 ரூபாய் இறக்குக்கூலியும் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வெங்காயச் சீட்டு இப்படி மாறும்:

50 கிலோ − 1 கிலோ = 49 கிலோ
49 கிலோ × 14 மூட்டை = 686 கிலோ
686 கிலோ × ரூ.40 = ரூ.27,440
இறக்குக்கூலி: 14 மூட்டை × ரூ.10 = ரூ.140
ரூ.27,440 − ரூ.140 = ரூ.27,300

தாளில் எழுத நேரம் இல்லையென்றால் கால்குலேட்டரின் நினைவுப் பொத்தான்கள் இருக்கின்றன. எம்ஆர்சியை இரண்டு தரம் அழுத்திப் பழைய கணக்கை அழியுங்கள். 49 × 14 × 40 போட்டு எம் பிளஸ், 14 × 10 போட்டு எம் மைனஸ், பிறகு எம்ஆர்சி. 27,300 வந்து நிற்கும்.

7. போனில் சொல்லும்போது நிறுத்திச் சொல்லுங்கள்

“அம்பதுல ஒண்ணக் கழிச்சு பதினாலால பெருக்குங்கண்ணே” என்றால் கேட்பவர் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்வார். “அம்பதுல ஒண்ணு போனா நாப்பத்தொம்பது. சரியாண்ணே? அத பதினாலால பெருக்குங்க” என்று இடைவிடையைச் சொல்லி, அவர் ஆமோதித்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

8. கொடுக்கும் முன் சோதியுங்கள்

முடித்த சீட்டின் ஒவ்வொரு வரியையும் போனில் ஒரு தரம், கடைக் கால்குலேட்டரில் ஒரு தரம் அழுத்துங்கள். இரண்டும் ஒரே விடையைக் காட்டினால் சீட்டைக் கொடுத்துவிடலாம். எந்த வரியில் மாறுகிறதோ அந்த வரியை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.