வலி இல்லை என்றால் ஷிப்டுக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் ஷிப்ட் வேலை. பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்கால் முறிந்ததில், தகடும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. “வலியே இல்லை, அடுத்த வாரம் பைக் எடுத்து டியூட்டிக்குப் போகிறேன்” என்கிறார். மாமியாரோ, “மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, புத்தூர் கட்டு போட்டால் சீக்கிரம் கூடிவிடும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, நெய்வேலி நகரியம்

பதில்: இருவருக்கும் அக்கறை இருக்கிறது. ஆனால் உங்கள் கணவர் வலியை வைத்துக் கணக்குப் போடுகிறார், உங்கள் மாமியார் மாதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார். அறுவை செய்த கால் இரண்டு கணக்குக்கும் கட்டுப்படாது. நேற்று அதன்மீது ஏற்றிய வேலையை அது தாங்கியதா என்பதற்கு இன்று காலை அது காட்டும் வீக்கமும் சூடும்தான் சாட்சி. வீடு, தெரு, வண்டி, ஷிப்ட் என்று ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகத் தேறித்தான் மேலே போக வேண்டும். எலும்பு கூடியதற்கு எக்ஸ்ரே சாட்சி. ஆனால் எலும்பு கூடுவது பாதி வேலைதான். கெண்டைக்கால் தசையும் கணுக்காலின் வளைவும் சமநிலையும் திரும்புவது மீதிப் பாதி. எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது.

முதலில் உங்கள் கணவரின் கணக்கு. “வலியே இல்லை” என்பது மற்றவர்களுக்கு நல்ல செய்தி. பத்து வருடச் சர்க்கரைக்காரருக்கு அது விசாரிக்க வேண்டிய செய்தி. இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயினாலேயே அழுகி உதிர்வதில்லை, உணர்வு போனதால் காயம் பட்டது தெரியாமல் மேலும் மேலும் அடிபட்டுத்தான் சிதைகின்றன என்று எடுத்துக்காட்டினார். 1960-களில் அவர் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போன பிறகு அதே பாடம் சர்க்கரைப் பாத மருத்துவத்துக்குள் நுழைந்தது. உணர்வு மங்கிய கால் வலியால் எச்சரிக்காது. அடிபடும் இடம் சூடேறுவதுதான் முதல் எச்சரிக்கை. அதனால் அறுவை செய்த பாதத்தில் நைலான் இழை வைத்து உணர்ச்சியைச் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உணர்வு குறைந்திருந்தால், கால் ஊன்றும் காலத்தை அவர் வழக்கத்தைவிடத் தள்ளிப்போடுவார். அதுவரை தினமும் காலையில் புறங்கையை இரண்டு கணுக்காலிலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆபரேஷன் ஆன காலில் இளஞ்சூடு கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்யும். நேற்றைவிட இன்று சூடு கூடியிருந்தால் நேற்றைய நடை அதிகம் என்று அர்த்தம். இரண்டொரு நாள் குறைத்தும் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்படியானால் மாமியார் சொல்வதுபோலக் கட்டிலிலேயே கிடக்கலாமே என்று கேட்கலாம். பாதுகாப்பான வழிபோலத் தோன்றினாலும் அதற்கும் விலை உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடல் திறனைக் குறைத்த அளவுக்கு முப்பது வருட முதுமைகூடக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். கணுக்கால் அறுவையிலேயே செய்த பெரிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 561 பேரிடம் நடந்து 2024-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அறுவை முடிந்து இரண்டு வாரத்தில் கால் ஊன்றத் தொடங்கியவர்களும் ஆறு வாரம் பொறுத்தவர்களும் நான்காம் மாதத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். சீக்கிரம் ஊன்றியதால் சிக்கல் கூடவில்லை. இதைக் குதிகால் எலும்பு முறிந்தவருக்கோ, உணர்வு மங்கிய சர்க்கரைக் காலுக்கோ அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அசையாமல் கிடந்தால்தான் எலும்பு கூடும் என்ற பொது நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை அது காட்டிவிட்டது. கட்டிலிலேயே கிடப்பதில் கெண்டைக்காலில் ரத்தம் உறையும் அபாயமும் சேர்கிறது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

புத்தூர் கட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விலகிய எலும்பை நிறுத்திப் பிடிக்கத்தான் கட்டு. உங்கள் கணவருக்கு அந்த வேலையை உள்ளே இருக்கும் தகடு செய்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இறுக்கமான கட்டும் பச்சிலைப் பற்றும் போட்டால் எலும்புக்கு ஒரு நன்மையும் இல்லை. ரத்த ஓட்டம் தடைபடலாம், காயம் ஆறாத இடத்தில் சீழ் பிடிக்கலாம். உணர்வு குறைந்த காலில் கட்டு இறுகுவதுகூட அவருக்குத் தெரியாது. எண்ணெய் போட்டு உருவுவதற்கும் இதே பதில்தான்.

இனி படிகள். முதல் படி வீடு. குவார்ட்டர்ஸ் வாசல்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். தரைமட்டக் கழிப்பறையில் குந்தி உட்காரக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். இப்போதைக்கு அது முடியாது, அதனால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்த படி தெரு. முழு எடையும் ஊன்ற மருத்துவர் அனுமதித்த பிறகு உங்கள் குடியிருப்பு வட்டத்துக்குள் இருக்கும் சமமான சாலையில் காலையில் நடக்கட்டும். நகரியத்தின் மரநிழல் சாலைகள் இதற்குத் தோதானவை. மாலை வீக்கம் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்வரைகூட இருக்கும். அது இரவில் காலை உயர்த்தி வைத்துத் தூங்கியதும் வடிந்துவிட்டால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். வடியாமல் காலையிலும் நின்றால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். சித்திரை வெயிலில் வீக்கம் இன்னும் கூடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வண்டிக்கு வேறு அளவுகோல். கியர் பைக்கில் பின்பிரேக்கை அழுத்துவது வலது கால், உங்கள் கணவருக்கு முறிந்ததும் அதுதான். வலது கணுக்கால் அறுவை செய்துகொண்டவர்கள் கார் பிரேக்கை அழுத்த எடுக்கும் நேரம் சுமார் ஒன்பதாவது வாரத்தில்தான் பழைய நிலைக்கு வந்தது என்று 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. பைக்கில் நிற்கும்போது வண்டியின் பாரத்தையும் கால் தாங்க வேண்டும் என்பதால் நான் அதைவிடத் தாமதமாகத்தான் அனுமதிப்பேன். அடுத்த வாரம் பைக் என்ற பேச்சை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

ஷிப்ட் கடைசிப் படி. கன்வேயர் ஓரத்தில் எட்டு மணி நேரம் நிற்பதும், இரும்பு ஏணி ஏறுவதும், மழையில் சேறாகும் மண்ணில் நடப்பதும், முனையில் இரும்புத் தகடு வைத்த சேஃப்டி ஷூவை முழு ஷிப்டும் போட்டிருப்பதும் வீட்டு நடையோடு ஒப்பிடக்கூடியவை அல்ல. அதற்குத் தேறியதை இரண்டு சோதனைகளால் அறியலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே தூரம் வர வேண்டும். பிறகு ஆபரேஷன் ஆன ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பல முறை தூக்க முடிய வேண்டும். இவற்றை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். முழு எடை ஊன்றத் தொடங்கிச் சில வாரம் ஆன பிறகு பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்யட்டும்.

“லீவு தீர்ந்துவிட்டது, சம்பளம் யார் தருவார்கள்?” என்பதுதான் இதற்கெல்லாம் எதிராக எழும் நியாயமான கேள்வி. குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளி என்றால் உடம்பு தேறும்வரை காத்திருப்பது சொல்வதற்கு எளிது. ஆனால் தகடு தளர்ந்து மறு அறுவை என்று வந்தால் முதலிலிருந்து எல்லா வாரங்களையும் திரும்பக் கழிக்க வேண்டும், வருமான இழப்பு இரட்டிப்பாகும். இடைவழி ஒன்று உண்டு. மருத்துவரிடம் ‘ஃபிட்’ என்ற ஒற்றைச் சொல்லை வாங்காமல், எத்தனை மணி நேரம் நிற்கலாம், ஏணி ஏறலாமா, ஷூ போடலாமா என்று வேலை வேலையாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டி உட்கார்ந்து செய்யும் இலகுவான பணி கேட்கலாம். ஒருவேளை நிரந்தரக் குறை தங்கிவிட்டால், பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது “எப்போது டியூட்டிக்குப் போகலாம்?” என்று கேட்காதீர்கள். “இந்த வாரம் எந்த வேலையைச் சேர்க்கலாம், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்?” என்று கேளுங்கள்.