பி வகை ஈரல் அழற்சியும் டெல்டா வைரஸும்

பாலக்காட்டுச் சமவெளியிலும், போடிமெட்டுக்கு அப்பாலுள்ள இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நோய் முற்றினால் பாலக்காட்டார் வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூருக்கும், இடுக்கி மலையார் தேனிக்கும் மதுரைக்கும் செல்வதுண்டு. நோயாளி எல்லையைக் கடக்கிறார். அவருடைய பரிசோதனைச் சீட்டோ பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பி வகை ஈரல் அழற்சி உடையவர் மருந்து உண்டுவரும்போதே திடீரென நலிவாராயின், அவருடலில் டெல்டா என்னும் மற்றொரு வைரஸும் குடிபுகுந்திருக்கக்கூடும்.

1977-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் டூரின் நகரில் மாரியோ ரிசெட்டோ என்பார், பி வகை நோயாளிகளின் ஈரல் அணுக்களில் புதியதொரு பொருளைக் கண்டார். முதலில் அது பி வைரஸின் ஓர் உறுப்பெனவே கருதப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் சிம்பன்சிகளிடம் நடந்த சோதனைகளால் அது தனி வைரஸ் என்பது தெளிவாயிற்று. மனிதரைத் தாக்கும் வைரஸ்களுள் இதன் மரபுப்பொருளே மிகச் சிறியது. தனக்கென மேலுறை அமைத்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கில்லை. பி வைரஸின் உறையை இரவல் சட்டையாக அணிந்தே இது ஓர் அணுவிலிருந்து வேறோர் அணுவுக்குச் செல்கிறது. ஆதலின் பி வைரஸ் இல்லாதவரிடம் டெல்டா நோய் உண்டாவதில்லை.

இவ்விரண்டும் ஒரே சமயத்தில் தொற்றினால், வயதுவந்தோருள் பெரும்பாலோர் இரண்டிலிருந்தும் மீண்டுவிடுவர். ஏற்கெனவே பி வைரஸைச் சுமப்பவரிடம் டெல்டா பின்னர் வந்து சேர்ந்தாலோ, அது பெரும்பாலும் நிலைத்துவிடும். ஈரல் சுருக்கமும் விரைந்து தோன்றும். 1979 முதல் 1981 வரை வெனிசுவேலா நாட்டு மலைகளில் வாழும் யுக்பா பழங்குடியினரிடையே இவ்வாறே நேர்ந்தது. அங்கு 149 பேர் நோயுற்றனர். 34 பேர் மாண்டனர்.

நாட்பட்ட பி தொற்றுடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு டெல்டாவும் உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் இது குறைவென்றே ஆராய்ச்சிகள் பொதுவாகக் கூறுகின்றன. ஆயினும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தோரிடம் எடுத்த கணக்கு, அட்டப்பாடியின் ஆதிவாசி ஊருக்கோ மூணாற்றுத் தோட்டக் குடியிருப்புக்கோ அப்படியே பொருந்திவிடாது. தேடாத இடத்தில் ஒரு நோயை அபூர்வம் என்று சொல்லிவிடுவது எளிது.

பரிசோதனை இரு படிகளை உடையது. முதலில் இரத்தத்தில் டெல்டா எதிர்ப்பொருள் உண்டா என்று பார்ப்பர். இருப்பின், வைரஸ் இன்னும் பெருகுகிறதா என்பதை அறிய அதன் ஆர்.என்.ஏ.யைத் தேடுவர். நோய் நீங்கிய பின்னும் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதாலேயே இரண்டாம் படி வேண்டப்படுகிறது. பி மேற்பரப்பு ஆன்டிஜன் உள்ள அனைவருக்கும் இச்சோதனை தக்கது என 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இது நடைபெறாமையால், இரத்த மாதிரியை எங்கு அனுப்புவது என்பதை ஊழியர் முன்னரே கேட்டறிந்திருத்தல் நலம்.

இங்கே ஒரு மயக்கத்துக்கு இடமுண்டு. டெல்டா ஓங்கும்போது பி வைரஸின் அளவு பெரும்பாலும் தாழ்ந்துவிடும். அச்சீட்டை மட்டும் பார்ப்பவர் நோய் அடங்கிவிட்டதென மகிழ்வார். ஈரல் நொதிகளோ உயர்ந்தே நிற்கும். பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் முதலிய மாத்திரைகள் டெல்டாவை அடக்குவதில்லை. ஆயினும் மருத்துவர் சொல்லாமல் அவற்றை நிறுத்துதல் ஆபத்து.

பி தடுப்பூசி இரு நோய்களையும் தடுக்கும். பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதன் முதல் தவணையை இடுதல் வேண்டும். பி வைரஸை ஏற்கெனவே சுமப்பவருக்கோ இவ்வூசி பயன்படாது. பிறருக்குப் பயன்படுத்திய ஊசியும் பிறர் சவரக்கத்தியும் அவருக்கு இரட்டைத் தீங்கு. ஒருவர் மலையிறங்கி வேற்று மாவட்டத்து மருத்துவரிடம் செல்லும்போது, பி வைரஸ் அளவு, ஈரல் நொதி, டெல்டா சோதனை செய்யப்பட்டதா என்பன தேதியுடன் குறித்த சீட்டு அவர் கையில் இருத்தல் வேண்டும். டெல்டா சோதனை செய்யப்படவில்லையாயின், அதையும் எழுதியனுப்பலாம்.