ஐந்து கிலோமீட்டருக்கு எத்தனை இட்லி?

உங்கள் அப்பாவோ அம்மாவோ வேலை செய்யும் இடம் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், மோட்டார் சைக்கிளிலோ காரிலோ போகலாம். எப்படிப் போனாலும் ஆற்றல் செலவாகியே தீரும். எதில் எவ்வளவு? இட்லியை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நடுத்தர அளவுள்ள ஓர் இட்லி நம் உடலுக்குச் சுமார் 50 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. (சட்னி, சாம்பாரைக் கணக்கில் சேர்க்கவில்லை.) 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடக்க, சும்மா இருக்கும்போது ஆகும் செலவு போக, ஏறக்குறைய 45 கிலோகலோரி வேண்டும். 5 கிலோமீட்டருக்கு 225. அதாவது நாலரை இட்லி. அவரே சைக்கிளில் நிதானமாகப் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 கிலோகலோரிதான் ஆகும். மொத்தப் பயணத்துக்கும் ஒரே ஓர் இட்லி!

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8,000 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் இந்தப் பயணத்துக்கு 800 கிலோகலோரியை, அதாவது 16 இட்லியை விழுங்கும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரோ 50 இட்லிக்கு மேல் கேட்கும்.

எஞ்சின் மோசமான இயந்திரம் என்பதா காரணம்? இல்லை. பெட்ரோலின் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது உண்மை. மீதி வெப்பமாக வீணாகிறது. ஆனால் நம் தசைகளும் ஏறக்குறைய அதே லட்சணம்தான். மிதிக்கும்போது உடல் சூடாவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். வித்தியாசம் சுமையில் இருக்கிறது. 60 கிலோ மனிதரைக் கொண்டு சேர்க்க, ஆயிரம் கிலோ இரும்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறோம். காரில் நால்வர் போனால் கணக்கை நாலால் வகுத்துக்கொள்ளலாம். நிறைந்த பஸ் இன்னும் சிக்கனம்.

சைக்கிள் நடையையே வென்றுவிடுகிறதே, அது எப்படி? ஒருவர் சுவரை ஒட்டி நடந்து போகும்போது அவர் தலையைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர் ஏறி இறங்கும். முழு உடலையும் ஆயிரக்கணக்கான முறை தூக்கி இறக்கும் வேலை அது. கால்களும் ஒவ்வோர் அடிக்கும் வீசப்பட்டு, நிறுத்தப்பட்டு, மறுபடியும் வீசப்படுகின்றன. சைக்கிளில் உடலின் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. கால்கள் சீராகச் சுழல்கின்றன. கடைக்காரர் 'பால்ரஸ்' என்று சொல்லும் எஃகுக் குண்டுகள் உராய்வை மிகவும் குறைத்துவிடுகின்றன. நன்றாக எண்ணெய் போட்ட செயினில் வீணாவது நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயர், மேடுபள்ளத்தில் தூக்கிப்போடுவதையும் குறைத்துவிட்டது. எடையையும் தூரத்தையும் வைத்துப் பார்த்தால், சைக்கிள் மிதிக்கும் மனிதனைவிடச் சிக்கனமாக இடம்பெயரும் விலங்கோ வாகனமோ இல்லை என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்சன் 1973-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆனால் வேகம் கூடினால் கதை மாறும். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும்! மணிக்கு 15 கிலோமீட்டரில் பாடிக்கொண்டே போகலாம். 30-இல் மூச்சு வாங்கும். ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்குச் சூத்திரம் தேவையில்லை.

இனிக் கொஞ்சம் வேதியியல். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அது எரிந்தால் 2,300 கிராம் கரியமில வாயு வெளிவருகிறது. எரிபொருளைவிடப் புகை எடை கூடியது எப்படி? பெட்ரோலில் சுமார் 630 கிராம் கார்பன் இருக்கிறது. ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் ஆகிறது. 630-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். நம் கார் தினமும் போய்வர ஒன்றரைக் கிலோ. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 460 கிலோ!

"சைக்கிள் மிதிப்பவரும் கரியமில வாயுவைத்தானே மூச்சில் விடுகிறார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவர் விடும் கார்பன், நெல்லும் உளுந்தும் சில மாதங்களுக்கு முன்பு காற்றிலிருந்து எடுத்தது. பெட்ரோலின் கார்பனோ பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. நெல் விளைவிக்க டீசலும் உரமும் செலவாகின்றன என்பதால் சைக்கிளின் கணக்கு முழுப் பூஜ்யம் அல்ல. ஆனால் மிகச் சிறியது.

மிதிப்பவரின் இதயத்துக்கு என்ன ஆகிறது? இதற்கு விடை லண்டன் நகரத்து மாடி பஸ்களில் தொடங்கியது. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அங்கே போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் உடல்நல விவரங்களை ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே புகை. எனினும் இதய நோய் ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது.

உடனே ஓர் ஐயம் எழும். பருமனானவர்களே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்திருந்தால்? மாரிஸ் குழுவினருக்கும் அதே ஐயம் எழுந்தது. எனவே சீருடைக்காக எடுத்த கால்சட்டை அளவுகளைத் தேடிப் பிடித்தார்கள். ஐயம் ஓரளவு சரியாகவே இருந்தது: ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெரியது! பிற்பாடு ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டார்கள். அப்போதும் ஓட்டுநர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. இந்த இரண்டாம் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தம் முடிவைத் தாமே சந்தேகித்து அளந்து பார்த்தார்கள் அன்றோ! பின்னர் அரசு அலுவலர்களை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட கட்டுரையில், நிறையச் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் விரைவாக நடந்தவர்களுக்கும் மாரடைப்பு குறைவு என்று கண்டார்கள். மாரிஸ் 2009-இல் தம் 99-ஆம் வயதில் காலமானார்.

லாரிகளுக்கு நடுவே மிதிக்க வேண்டிய சாலையில் இந்தக் கணக்குகளை மட்டும் நம்பி யாரையும் சைக்கிளில் ஏறச் சொல்ல மாட்டேன். தனிப்பாதை போடுவது பொறியாளர் வேலை, அதுவும் அறிவியல்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். வண்டிகள் வராத, பள்ளி மைதானம் போன்ற இடத்தில் சிறு சரிவைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கிருந்து மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டு, சமதரையில் அது நிற்கும் இடத்தைக் குறியுங்கள். முதலில் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மூன்று முறை; பிறகு நன்றாகக் காற்றடித்து மூன்று முறை. இரு சராசரித் தூரங்களையும் ஒப்பிடுங்கள். ஓட்டுபவர் ஒருவராகவே இருக்கட்டும். காற்று வீசாத காலை நேரம் நல்லது. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்; உரசினால் அளந்ததெல்லாம் வீண்.