பரபக்கம் சொல்லும் முறை

வகுப்பில் சொற்போர் நடக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்போம். எதிரணியினர் பேசும் நேரத்தில் நம்மில் பலர் கேட்பதே இல்லை. அடுத்து என்ன பேசலாம் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருப்போம். பிறகு எழுந்து, அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அதை மடக்குவோம். கைதட்டலும் கிடைத்துவிடும்! நம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யக் கொடுத்தால்கூட, எடையையும் அளவையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதானே வேலை தொடங்குவார்கள்?

தமிழ் நூலோர் இதற்கு ஒரு முறை வைத்திருந்தனர். பிறர் கொள்கையை முதலில் எடுத்துக்கொண்டு பின்னர் அதைக் களைவதை, நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் எண்ணுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளை உடையது. தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னே வருகிறது. பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கம் முன்னே நிற்கிறது. உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரர் வரை பதினான்கு தரப்பினர் அதில் வருகின்றனர். ஒவ்வொருவர்க்கும் முதலில் அவர் மதம், அடுத்து அதன் மறுப்பு.

உலகாயதரையே எடுத்துக்கொள்வோம். “கடவுள் இல்லை என்பவர்கள்” என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. அவர்களோ காரணம் சொன்னார்கள். கண்ணால் காண்பதே சான்று. நிலம், நீர், தீ, காற்று நான்குமே பொருள். “உயிரற்ற இவற்றிலிருந்து அறிவு எப்படி வந்தது?” என்று கேட்டால், வெற்றிலையையும் பாக்கையும் சுண்ணாம்பையும் காட்டினார்கள். தனித்தனியே எதிலும் இல்லாத சிவப்பு, மூன்றும் சேர்ந்து மெல்லும்போது வரவில்லையா? இந்த உவமையை விட்டுவிட்டு அவர்களை மறுத்தவர், உண்மையில் எவரையும் மறுத்தவராகார். “அப்படியானால் ஒழுக்கமே வேண்டாம் என்கிறீர்கள்” என்பதும் அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வதாகாது. அது நாமாக இழுக்கும் முடிவு. அதைத் தனியாகத்தான் வாதிட்டு நிறுவ வேண்டும்.

1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த தத்துவ போதகர், இயேசு சபையின் ராபர்ட் தெ நொபிலி, இந்தப் பயிற்சியை மதுரையில் பெற்றவர். அங்கு ஒரு சைவப் பள்ளி ஆசிரியரோடு இருபது நாள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம் உரையாடினார். முடிவில் அவ்வாசிரியர் திருமுழுக்குப் பெற்றார். தமிழும் வடமொழியும் கற்று, மறுபிறப்புக் கொள்கையை மறுக்க நொபிலி தனி நூலே எழுதினார். ஆயினும் அவர் எதிர்த் தரப்பை எங்கும் ஒரே நேர்மையுடன் எடுத்துரைத்தார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை; சில இடங்களில் ஏளனம் தலைகாட்டுகிறது. இருபது நாள் கேட்டவர்க்கே அது எளிதாக இருக்கவில்லை.

நீலகேசியின் கதை இன்னும் வியப்பானது. குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்தை மறுக்க எழுந்த சமண நூல் அது. குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்களே. நீலகேசியோ வாமன முனிவர் உரையுடன் காக்கப்பட்டு, 1936இல் அ. சக்கரவர்த்தி நயினாரால் அச்சேறியது. மறுக்க வேண்டி அந்நூல் எடுத்துச் சொன்னவற்றாலும், உரையாசிரியர் சுட்டிய பாடல்களாலும்தான், குண்டலகேசியின் தரப்பு என்னவென்று இன்று ஓரளவேனும் அறிகிறோம்.