ஒரு அறையில் நாலு பேர்



நமது தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் கோச்சி ஏறி கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தங்குகிற இடங்களில் ஒன்று கோட்டைக்குக் கிட்ட, பேர வாவிக் கரையிலுள்ள கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. இன்று மலாய்க்காரர், முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். தனி ஆளாக வாடகை கட்ட முடியாது. ஆகவே ஒரு அறையில் மூன்று பேர், நாலு பேர் என்று சேர்ந்து இருக்கிறார்கள்.

வேலையை விட்டுத் திரும்பி வருகிற பிள்ளையைக் கேட்டால், "முதலாளி சரியில்லை" என்று சொல்லும். மெதுவாக விசாரித்தால் அறைச் சண்டைதான் காரணமாக இருக்கும். சட்டி கழுவ ஆளில்லை, கேஸ் முடிந்தால் வாங்க ஆளில்லை. இதற்காக ஒரு சம்பளம் போய்விடுகிறது.

லயத்துப் பிள்ளைக்கு நெருக்கம் புதிதல்ல. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் வளர்ந்த பிள்ளை, பீலியில் வரிசையில் நின்ற பிள்ளை. ஆனால் வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கு அம்மாவின் மனதில் இருந்தது. கொழும்பு அறையில் அம்மா இல்லை. அந்தக் கணக்கை யாராவது கொப்பியில் எழுதத்தான் வேண்டும்.

1. வாடகை தலைக்கு, சாப்பாடு நாளுக்கு.
தோட்டத்தில் வேலை செய்த நாளுக்குத்தானே பேர் போடுகிறோம்? அறையிலும் அப்படியே சாப்பிட்ட நாளுக்குப் பேர் போடுங்கள். மூன்று பேர் 30 நாளும், தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர் 20 நாளும் சாப்பிட்டால் மொத்தம் 110 நாள். சாப்பாட்டுச் செலவு 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 200 ரூபாய். மூவருக்கும் தலைக்கு 6,000, ஊருக்கு வந்தவருக்கு 4,000. வாடகை மட்டும் நாலு பேருக்கும் சமம். கேஸ் சிலிண்டர் வாங்கிய தேதியையும் எழுதி வையுங்கள்.

2. கரண்ட் பில்.
1,000 வாட் மின்கேத்தல் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1 அலகு. 50 வாட் மின்விசிறி 20 மணித்தியாலம் ஓடினால்தான் அதே 1 அலகு. விசிறிக்காகச் சண்டை போட்டுவிட்டு கேத்தலை மறந்துவிடுகிறோம். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடுகிறது. ஒரே மீட்டரில் பல பேர் இருக்கும்போது ஒருத்தருடைய கவனக்குறைவுக்கு எல்லாரும் காசு கட்ட வேண்டி வரும்.

3. வேலைக்கு முறை வையுங்கள்.
சமையல், சட்டி கழுவுதல், கூட்டுதல், கக்கூசு கழுவுதல் நாலையும் கிழமைக்கு ஒரு தரம் மாற்றுங்கள். இரவு வேலைக்காரர் தன் முறையை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளட்டும். வேறு சமயத்தவர் கூட இருந்தால் எதைச் சாப்பிடமாட்டார் என்று முதல் நாளே கேளுங்கள். தேவைப்பட்டால் சட்டியைத் தனியாக வையுங்கள்.

4. தண்ணீர்ப் பீப்பா.
"அது என் வேலையில்லை" என்று எல்லாரும் விடுகிற வேலை இதுதான். டெங்கு நுளம்பு சுத்தமான தேங்கிய தண்ணீரில் முட்டை இடும். கிழமைக்கு ஒரு தரம் பீப்பாவைத் தேய்த்துக் கழுவி மூடவேண்டும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வழக்கும் வரலாம். காய்ச்சல் வந்தாலோ, யாருடைய முறை என்று பார்த்து வராது.

5. அன்றே சொல்லுங்கள்.
ஒரு மாதம் மனதில் வைத்து, சம்பள நாளில் வெடிக்காதீர்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்றால் சண்டை. "இன்றைக்குச் சட்டி உன் முறை, தம்பி" என்றால் வேலை நடக்கும்.

தாய்மாரே, இந்தப் பாடம் கொழும்பில் தொடங்குவதில்லை. விடியுமுன் எழும்பிச் சமைத்து, மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து, பொழுதுபட வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறீர்கள். மகனோ கோப்பையை வைத்த இடத்திலேயே விட்டுப் போகிறான். மகள் கழுவுகிறாள். நாளைக்கு அறையில் அவன் கோப்பையைக் கழுவ யாரும் வரமாட்டார்கள். எல்லாருக்கும் அவன் பாரமாவான்.

வீட்டில் செய்து பார்க்க: இந்தக் கிழமை மகனுக்கு ஒரு நாள் சமையலும் ஒரு நாள் பாத்திரமும் கொடுங்கள். மாதச் சாமான் கணக்கையும் அவனே எழுதட்டும். தகப்பன்மாரும் ஒரு முறை எடுத்தால் பிள்ளை மறுக்காது.