பறவை நோக்கலுக்கு வேண்டிய கருவிகள்

காலைப் பொழுதில் பள்ளி வளாகத்தில் கால் வைத்தவுடன் மைனாக்களின் ஆரவாரம் நம்மை வரவேற்கின்றது. செம்பருத்திச் செடியருகே தேன்சிட்டு ஒன்று சிறகடித்துத் தேன் பருகுகின்றது. நாள்தோறும் இவற்றைக் காண்கிறோம். ஆயினும், நம்மைச் சுற்றி எத்தனை வகைப் பறவைகள் வாழ்கின்றன என்று எவரேனும் வினவினால் விடை கூற இயலாது விழிக்கிறோம். பார்ப்பது வேறு, உற்று நோக்குவது வேறு. உற்று நோக்கப் பழகுவோர்க்கு எந்தெந்தக் கருவிகள் வேண்டும், அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இங்குக் காண்போம்.

கருவி என்றதும் விலையுயர்ந்த தொலைநோக்கியே நம் நினைவுக்கு வரும். ஆனால், முதற்கருவி குறிப்பேடும் பென்சிலுமே ஆகும். சட்டைப்பையில் அடங்கும், கெட்டி அட்டையுடைய ஏடே போதும். மை மழையில் கரையும். பென்சில் எழுத்துக் கரையாது. நாள், நேரம், இடம் ஆகியவற்றை முதலில் எழுதுதல் வேண்டும். பின்னர், பறவையின் பருமன், நிறம், அலகின் வடிவம், அதன் செயல் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பெயர் தெரியாவிடினும் கவலையில்லை. "தலையும் மார்பும் கருமை, வயிறு வெண்மை, வாலைத் தூக்கி நிற்கிறது" என எழுதி வைத்தால், அது மலாய் மொழியில் முராய் கம்போங் எனப்படும் குண்டுகரிச்சான் என்பதைப் பின்னர் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கருவி, பைனாகுலர் எனப் பலரும் வழங்கும் தொலைநோக்கி. அதன்மேல் 8 × 42 என்பது போன்ற எண்களைக் காணலாம். முதல் எண் உருப்பெருக்கத்தைக் குறிக்கும். எட்டு மடங்கு எனில், 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். இரண்டாம் எண், முன்பக்கக் கண்ணாடி வில்லையின் குறுக்களவை மில்லிமீட்டரில் காட்டும். வில்லை பெரிதாயின் ஒளி மிகுதியாகப் புகும். ஆனால் எடையும் கூடும்.

எண் பெரிதாயின் நன்று என எண்ணுதல் தவறு. பன்னிரண்டு மடங்குத் தொலைநோக்கியில் நம் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். காணும் பரப்போ சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் சிட்டினை அதில் பிடிக்க முடியாது. ஆகவே, தொடக்க நிலையினர்க்கு ஏழு அல்லது எட்டு மடங்கே ஏற்றது. சிறுவர் கைகளுக்கு 8 × 32 அளவு சுமையின்றி இருக்கும். 8 × 21 போன்ற மிகச் சிறியவை, மர நிழலில் இருண்டு காட்டும்.

வாங்குமுன், கடை வாயிலில் நின்று தொலைவிலுள்ள பெயர்ப்பலகையைப் பார்த்தல் வேண்டும். இரு வட்டங்களும் ஒன்றாகி, எழுத்துகள் தெளிவாகத் தெரிதல் வேண்டும். இரு குழல்களும் நம் கண்களின் இடைவெளிக்கேற்ப நெருங்கி வருகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் வில்லையில் பூஞ்சணம் படியும். ஆதலால், ஈரத்தை உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்தல் நலம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: தொலைநோக்கியால் கதிரவனை ஒருபோதும் பார்த்தல் கூடாது. கண் பார்வையே பாழாகும்.

மூன்றாவது கருவி, படங்களுடன் கூடிய வழிகாட்டி நூல். இங்கிலாந்துப் பறவைகளைப் பற்றிய நூல் நமக்கு உதவாது. நம் மண்ணின் பறவைகளைக் காட்டும் நூலே வேண்டும். 1999ஆம் ஆண்டில் ஆலன் ஜெயராஜசிங்கம் என்பார், ஆலன் பியர்சனின் ஓவியங்களுடன், மேற்கு மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் பறவைகளுக்கென ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய நூல் பள்ளி நூலகத்தில் ஒன்றிருந்தால் அனைவர்க்கும் பயன்படும். மங்கிய நிற ஆடை, தொப்பி, குடிநீர் ஆகியவையும் உடனிருத்தல் நன்று.

தொலைநோக்கி வாங்க வசதியில்லையே என ஏங்குவோர் நம்முள் உண்டு. நால்வர் கூடி ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் இல்லையெனில், கண்ணும் காதும் குறிப்பேடும் போதும். குறிப்பேட்டின் ஆற்றலுக்கு அண்டை நாட்டில் ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரின் வடமேற்கில் சுங்கை பூலோ என்னும் சதுப்புநிலம் இருக்கின்றது. அங்கிருந்த இறால் குளங்களுக்கு வலசைப் பறவைகள் திரளாக வந்தன. 1986ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சார்ந்த பறவை ஆர்வலர்கள் அந்த வளத்தைக் கண்டறிந்தனர். கண்டதோடு நில்லாமல், அவ்விடத்தைக் காத்தல் வேண்டுமென அரசுக்கு எழுத்து வடிவில் கோரிக்கை விடுத்தனர். அரசும் அதனை ஏற்று, 1989இல் 87 எக்டர் நிலத்தை இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கியது. 1993இல் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் அது இயற்கைக் காப்பகமாயிற்று. கடல் கடந்து வரும் பறவைகள் இன்றும் அங்கே இளைப்பாறுகின்றன.

அவர்கள் கண்டதை எழுதாது விட்டிருந்தால் யார்தாம் அறிந்திருப்பர்? நம் பள்ளித் திடலில் நிற்கும் பழமரத்திற்கும், செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்கும் ஆந்தைக்கும் நாளை ஓர் ஆபத்து நேரின், "இவை இங்கு வாழ்ந்தன" எனச் சான்று கூற வேண்டியவர் நாமே. ஆதலால் மாணவத் தோழர்களே, தொலைநோக்கி வாங்கும் நாள்வரை காத்திராமல், நாளைக் காலையே குறிப்பேட்டைத் திறப்போம். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பறவையை எழுதுவோம்.