சுழலும் ஆன்டெனாவுக்கு வளைந்து கொடுக்கும் கேபிள்

அன்புள்ள தம்பிக்கு,

மொட்டை மாடியில் சுழலும் ஆன்டெனா ஏற்றப் போவதாக எழுதியிருந்தாய். எந்தக் கேபிள் வாங்குவது என்ற உன் கேள்விக்கு இதோ பதில்.

தாழ்ந்த பாதையில் சுற்றும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செயற்கைக்கோள் அடிவானத்தில் எழுந்து மறையப் பத்து, பதினைந்து நிமிடம்தான். அதற்குள் ஆன்டெனா அதன் பின்னாலேயே திரும்ப வேண்டும், நிமிரவும் தாழவும் வேண்டும். ஹாம்களிடையே பெயர்பெற்ற ஜி-5500 ரோட்டேட்டர் பக்கவாட்டில் 450 டிகிரியும் மேல்கீழாக 180 டிகிரியும் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் கேபிள் மடங்கி நிமிர்கிறது.

முதலில் கேபிளில் ஏற்படும் சிக்னல் இழப்பைப் பார்ப்போம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் 437.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 20 மீட்டர் கடந்தால் அந்த சிக்னல் ஏறத்தாழ 7 டெசிபெல் இழக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் ரேடியோவை எட்டும். தடித்த எல்எம்ஆர்-400 என்றால் இழப்பு 2 டெசிபெலுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் முழுக்க அதையே போட்டுவிடலாமா? கூடாது.

அதன் நடுவே இருப்பது செம்புப் பூச்சுள்ள ஒற்றை அலுமினியக் கம்பி. கட்டுக்கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் அறுந்துபோவதைப் பார்த்திருப்பாய். இதற்கும் அதே கதிதான். சுற்றியுள்ள அலுமினியத் தாளும் நாளடைவில் விரிசல் விடும். ஆன்டெனா ஒரு திசைக்குத் திரும்பும்போது மட்டும் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், ரேடியோவைக் கழற்றாதே. முதலில் ரோட்டேட்டர் அருகே கேபிளைச் சோதி.

இதே கேபிளில் அல்ட்ராஃப்ளெக்ஸ் என்றொரு வகை உண்டு. நடுவில் முறுக்கிய செம்பிழைகள், மேலே ரப்பர் போன்ற உறை. இழப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் அதை எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை. ரேடியோவிலிருந்து கம்பத்தின் உச்சி வரை அசையாத பகுதிக்கு எல்எம்ஆர்-400. அங்கிருந்து ஆன்டெனா வரை அசையும் 3 மீட்டருக்கு மட்டும் அல்ட்ராஃப்ளெக்ஸ். அந்தத் துண்டால் கூடும் இழப்பு 0.1 டெசிபெலைக்கூட எட்டாது. இரண்டையும் என்-வகை கனெக்டரால் இணைத்து, இணைப்பின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்று. மழைநீர் ஒருமுறை உறைக்கு உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலுக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கேபிள் வீண்.

அடிக்கடி மடங்கும் இடத்தில் அல்ட்ராஃப்ளெக்ஸின் வளைவு ஆரம் சுமார் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதனால் ரோட்டேட்டர் அருகே தளர்வாக விடும் கேபிள் வளையத்தைக் குறைந்தது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்காவது விடு. கட்டும் டை கேபிளை நசுக்கக் கூடாது.

கம்பத்தை நிமிர்த்தும் முன் தரையிலேயே ரோட்டேட்டரை இரு எல்லைகள் வரையும் ஓட்டிப் பார். கேபிள் எங்கேனும் விறைத்தாலோ உரசினாலோ, இன்னும் அரை மீட்டர் தளர்த்திக் கட்டிய பிறகே மேலே ஏற்று.

அன்புடன்,
அண்ணன்